எல்லையில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சல் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"அம்மிணி, முறுக்கு, கச்சாயம் எல்லாம் சுட்டு அடுக்கியாச்சு. அட்ரசு மட்டும் எழுதிக் குடு கண்ணு."

தீபாவளி நோம்பிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் ஊரில் யாராவது ஓர் அம்மா இப்படிச் சொல்லிக்கொண்டு தூக்குப்போசியோடு வந்து நிற்பார். பையன் ராணுவத்தில் இருப்பான். முகவரி என்று அவர் நீட்டும் காகிதத்தில் பையன் பெயரும் "காஷ்மீர்" என்ற சொல்லும் மட்டும் இருக்கும். அன்றைக்கு அந்தப் பார்சல் போகாது. சுட்ட பலகாரம் ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, போய்விடும்.

என் தம்பி ராணுவத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்சனில் இருக்கிறேன். பெட்டி கட்டுவது என் தொழில்தான் என்றாலும் முதல் இரண்டு பார்சல்களை நானே கெடுத்தேன். ஒன்று இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கே திரும்பி வந்தது. இன்னொன்று போய்ச் சேர்ந்தது, ஆனால் தம்பி போனில், "அக்கா, பெட்டி வந்துச்சு. முறுக்கு பூராம் மாவாப் போச்சு" என்றான். அதற்குப் பிறகு செய்து பார்த்துக் கற்றதையும், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கட்டிக் கொடுக்கும்போது அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பார்சல் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் பலகாரம் காரணமில்லை, வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதுதான் காரணம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: புதிய 5 ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டி, அகலமான பழுப்பு டேப், கனமான ஜிப் கவர்கள், பழைய பனியன் துணி, வெள்ளைக் காடாத்துணி, சாக்கு ஊசி, கெட்டி நூல், தண்ணீரில் அழியாத மார்க்கர் பேனா, எடை பார்க்க ஒரு சமையலறைத் தராசு.

1. முதலில் முகவரி. அது வரும்வரை அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்

ராணுவத்தில் இருப்பவருக்கு ஊர்ப் பெயர் போட்டு அனுப்பக் கூடாது. லே, தவாங், குப்வாரா என்று எதையும் உறையின் மேல் எழுதாதீர்கள். ஒரு படைப்பிரிவு எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியக் கூடாத சங்கதி. அதற்காகத்தான் ராணுவத்துக்குத் தனித் தபால் முகவரி இருக்கிறது. ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால் பார்சல் சாதாரணத் தபால் வழியில் அந்த ஊருக்குப் போய், அங்கே வாங்க ஆளில்லாமல் திரும்பும். என் முதல் பார்சல் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம்.

சரியான முகவரியில் ஆறு விஷயங்கள் இந்த வரிசையில் இருக்கும்:

ராணுவ எண் (எண்களும் கடைசியில் ஓர் எழுத்தும்)
ரேங்க், முழுப் பெயர்
கம்பெனி அல்லது அவர் இருக்கும் உட்பிரிவு
யூனிட்டின் பெயர்
9-இல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு
கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது கேர் ஆஃப் 99 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்)

நம் பக்கத்துப் பின்கோடுகள் 6-இல் தொடங்குவது போல, ராணுவ அஞ்சல் பின்கோடுகள் 9-இல் தொடங்கும். 56 என்று போட்டவை டெல்லியில் இருக்கும் ராணுவ மையத் தபால் நிலையம் வழியாகப் பிரியும். 99 என்று போட்டவை கொல்கத்தா வழியாகப் பிரியும். இரண்டில் எது என்று நாமாக ஊகிக்கக் கூடாது. ஒரு வீட்டில் போன வருடத்து முகவரியைப் பார்த்து 56 என்று எழுதினார்கள். யூனிட் அதற்குள் கிழக்கே மாறியிருந்தது. பெட்டி டெல்லி சுற்றிக் கொல்கத்தா போய்ச் சேர்வதற்குள் பலகாரம் சிக்கு வாடை அடித்துவிட்டது.

முகவரியை அவரிடமிருந்தே வாங்குங்கள். போனில் சொல்லக் கேட்டு எழுதினால் எழுத்துகள் மாறிவிடும். 'பி' கம்பெனி 'டி' கம்பெனி ஆகிவிடும். எனவே அவர் கையால் எழுதிய காகிதத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் போன்ற வேறு பிரிவுக்குப் போயிருந்தால் பழைய ரெஜிமென்ட் முகவரி உதவாது, இப்போது இருக்கும் யூனிட்டின் முகவரிதான் வேண்டும். கடற்படைக் கப்பலில் இருப்பவர்களுக்கு ஏ.பி.ஓ. கிடையாது. அவர்களுக்கு ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகத் தபால் போகும். அந்த முகவரியையும் அவர்தான் தர வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். முகவரி எழுதிய பெட்டியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். "எங்க பையனுக்குப் பார்சல் போவுது" என்ற பெருமை எனக்கும் புரியும். எண், ரேங்க், யூனிட் மூன்றும் ஒரே படத்தில் ஊர் சுற்றுவது அவனுக்கு நல்லதில்லை.

2. அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்

முகவரி கிடைத்தவுடன் கடைக்கு ஓடாதீர்கள். இந்த நான்கையும் கேட்ட பிறகே என்ன அனுப்புவது என்று தீர்மானிக்க முடியும்.

லீவு எப்போது? பெட்டி போய்ச் சேரும் நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அது யூனிட்டில் வாங்க ஆளில்லாமல் கிடக்கும். பயிற்சி, கோர்ஸ் என்று வெளியே போகிற காலமும் இதில் சேரும்.

மேலேயா கீழேயா? மலை உச்சியில் உள்ள காவல் போஸ்ட்டுக்கு ஏறியவருக்குப் பெட்டி உடனே போய்ச் சேராது. கீழே பேஸ் முகாமில் நிற்கும், அவர் இறங்கி வந்த பிறகுதான் கிடைக்கும். அப்படியானால் கெடாத பொருள் மட்டும் அனுப்ப வேண்டும், அல்லது அவர் இறங்கும் மாதத்தைக் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். "எப்ப இறங்குவே" என்று மாதம் மட்டும் கேளுங்கள். இடத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

லங்கரில் என்ன சாப்பாடு? படைச் சமையற்கட்டை அவர்கள் லங்கர் என்பார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரி நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடத்தில் சோறும் சாம்பாரும் இருக்கும். மற்ற இடங்களில் ரொட்டியும் ராஜ்மாவும் இருக்கும். நாம் அனுப்பும் பொடி சோற்றோடு சேரப் போகிறதா ரொட்டியோடு சேரப் போகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

கூட எத்தனை பேர்? காலாட்படையில் ஒரு செக்சன் என்றால் பத்துப் பேர். பெட்டி திறக்கும்போது அந்தப் பத்துப் பேரும் சுற்றி நிற்பார்கள். தம்பி ஒருமுறையும் தனியாகத் தின்றதில்லை. அதனால் எதை அனுப்பினாலும் பத்தாகப் பங்கு போட முடியுமா என்று பார்ப்பேன். ஒரே ஒரு பெரிய கேக்கைவிட நாற்பது கடலை உருண்டை மேல்.

3. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

எங்கள் பார்சல்கள் விரைவாகப் போனது பன்னிரண்டு நாளில். பனிக்காலத்தில் ஒன்று முப்பத்தாறு நாள் எடுத்தது. நோம்பிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் முப்பத்தைந்து நாள் முன்னால் தபால் நிலையத்தில் இருப்பதே என் கணக்கு. 2026 தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி. அப்படியானால் அக்டோபர் 4-க்கு முன் அனுப்பிவிட வேண்டும். 4-ஆம் தேதி ஞாயிறு, ஆகவே சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். பலகாரம் அதற்கு இரண்டு நாள் முன்னால் சுட்டால் போதும், அதற்கும் முன்னால் வேண்டாம்.

பொங்கல் பெட்டிக்கு இன்னும் முந்த வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் வழியில் உள்ள சோஜிலா கணவாய் பனி மூடினால் சாலை நின்றுவிடும். பிறகு விமானம்தான், அதுவும் வானம் தெளிந்தால்தான். நான் பொங்கல் பெட்டியைக் கார்த்திகை தீபத்துக்குள் அனுப்பிவிடுவேன்.

4. என்ன வைப்பது

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பெட்டி நேராகப் பனிக்குப் போவதில்லை. ஈரோட்டு வெயிலில் கிளம்பி, நாக்பூர் வெயிலைத் தாண்டி, அதன் பிறகுதான் பனியைப் பார்க்கும். ஆகவே வெயிலில் உருகாததாகவும் குளிரில் கல்லாகாததாகவும் இருக்க வேண்டும். சாக்லேட் முதல் சோதனையில் தோற்கும். தேங்காய் எண்ணெய் இரண்டாவதில் தோற்கும். 24 டிகிரிக்குக் கீழேயே அது உறைய ஆரம்பிக்கும், லடாக்கில் அந்தப் பாட்டிலைச் சுரண்டித்தான் எடுக்க முடியும்.

உடைந்தாலும் நட்டமில்லாத வடிவம் மூன்றுதான்: உருண்டை, துண்டு, பொடி. முறுக்கு, தட்டை, அப்பளம் எல்லாம் வழியிலேயே நொறுங்கும். முறுக்கு வேண்டியே தீர வேண்டுமென்றால் ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னதாகப் பிழியுங்கள். அதிரசம், கச்சாயம், ஒப்புட்டு மூன்றையும் மறந்துவிடுங்கள். ஈரம் உள்ள பண்டம் மூடிய பெட்டியில் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். கச்சாயம் இல்லாமல் என்ன நோம்பி என்று அம்மாக்கள் வருத்தப்படுவது தெரியும். அவன் லீவில் வரும்போது சுட்டுக் கொடுங்கள்.

கடலை உருண்டை: ஒவ்வொரு பெட்டியிலும் முதலிடம் இதற்குத்தான். வெல்லப்பாகின் பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பாகிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். விரலால் திரட்டி எடுத்து எவர்சில்வர் வட்டலில் போட்டால் சின்னக் கல் விழுந்தது மாதிரி 'ணங்' என்று கேட்க வேண்டும். சத்தம் வராமல் ஒட்டிக்கொண்டால் பாகில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்தப் பதத்தில் பிடித்த உருண்டை ரயில் வெக்கையில் இளகி, நாற்பதும் சேர்ந்து ஒரே உருண்டையாகப் போய்ச் சேரும். கடலைக்காயை வறுத்துத் தோலை முழுக்கப் புடைத்து எடுங்கள். தோல் தங்கினால் சீக்கிரம் கசக்கும். எள்ளுருண்டைக்கும் பொரி உருண்டைக்கும் இதே பதம்தான்.

பொடி வகை: கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி. லங்கரில் ரொட்டியாக இருந்தால் பூண்டு போட்ட கொள்ளுப்பொடிக்குத்தான் அடிதடி என்று தம்பி சொல்வான். பூண்டை நன்றாக மொறுமொறுப்பாக வறுக்காவிட்டால் அதில் இருக்கும் ஈரமே பொடியைக் கெடுத்துவிடும். அரைத்த சூட்டோடு கவரில் போடாதீர்கள். வேட்டித் துணியில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டில் எழும் ஆவி கவருக்குள் வியர்த்துக் கட்டி பிடிக்க வைக்கும்.

சுக்கு மல்லி காப்பித்தூள்: குளிரில் இருப்பவருக்கு இதைவிட நல்ல பொருளை நான் காணவில்லை. நாட்டுச்சர்க்கரையைத் தனிப் பொட்டலமாக வையுங்கள், தூளோடு கலந்து அனுப்பாதீர்கள். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தூளையும் சேர்த்துக் கட்டியாக்கிவிடும்.

அரிசியும் பருப்பும் சாதத்துக்குச் செலவு சாமானெல்லாம் அளந்து பொட்டலம் கட்டி ஓர் அம்மா கொண்டு வந்தார். அவ்வளவு ஆசையாகக் கட்டியிருந்தார். ஆனால் அவன் இருந்தது உயரமான இடம். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. தனியாக அடுப்பு வைக்க எல்லாருக்கும் வசதியும் இருக்காது. சமைக்க வேண்டிய எதையும் அவர் கேட்டால் ஒழிய அனுப்பாதீர்கள்.

எண்ணெயில் பொரிக்கும் பண்டம் எதுவாக இருந்தாலும் புது எண்ணெயில் பொரியுங்கள். ஒருமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தது வீட்டில் நான்கு நாளில் தீர்ந்துவிடும், அதனால் தெரியாது. இருபது நாள் மூடிக் கிடந்தால் சிக்கு வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

சாப்பாடு அல்லாதவை: கம்பளிச் சாக்ஸ், உதடு வெடிப்புக்கான களிம்பு, வாசலின், கைக்குட்டை, ஊசி நூல், பேனா. பனியன் நம்ம ஊர்ச் சரக்குதானே என்று ஒரு டஜன் திணிக்காதீர்கள். கடுங்குளிரில் பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். குளிர் தாங்கும் உடுப்பைப் படையே கொடுக்கிறது. சமவெளியில் இருப்பவருக்குப் பனியன் நல்ல பொருள். சென்னிமலைப் போர்வை ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒன்றே பெட்டியை அடைத்துவிடும்.

பழனி பஞ்சாமிர்தம் அனுப்பாத கொங்கு வீடு இல்லை. கோயிலில் வாங்கிய டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். வீட்டு டப்பாவுக்கு மாற்றினால் பழம் புளித்து வாயு சேர்ந்து மூடியைத் தள்ளிவிடும். டப்பாவை இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, நிற்கும் வாக்கில் வையுங்கள். திருநீறு பொட்டலம் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். கூட இருக்கும் மற்ற மாநிலப் பையன்களும் வாங்கிப் பூசிக்கொள்வார்களாம்.

கடைசியாக, கடிதம். தினமும் வீடியோ காலில் பேசுகிறோமே எதற்கு என்று கேட்பார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் காகிதம்தான் பேசும். என் மகள் முதலாம் வகுப்பில் வரைந்த மாட்டு வண்டிப் படம் ஒன்றை என் தம்பி நான்கு யூனிட் மாறியும் தன் சாமான் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான்.

5. வைக்கவே கூடாதவை

தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, சாராய வகை எதுவும் கூடாது. அழுத்தி அடைத்த ஸ்பிரே, சென்ட் கூடாது, அவை எளிதில் தீப்பிடிக்கும். பவர் பேங்க், தனி பேட்டரி வேண்டாம். பெட்டி வழியில் விமானம் ஏறும், லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அவ்வளவுதான்.

பணத்தைக் கவருக்குள் மறைத்து வைக்காதீர்கள், வங்கியில் போடுங்கள். பென் டிரைவ், சிம் கார்டு, கேமரா போன்றவற்றுக்கு யூனிட்டில் கட்டுப்பாடு உண்டு. அவரைக் கேட்காமல் அனுப்பினால் அவருக்குத்தான் தலைவலி. மருந்து மாத்திரையும் அப்படித்தான், அங்கே மருத்துவர் இருக்கிறார்.

ஊறுகாய், நெய், தேன் மூன்றும் தடை இல்லைதான். ஆனாலும் நான் வைப்பதில்லை. ஊத்துக்குளி நெய் ஒரு பாட்டில் உடைந்து, கூட இருந்த சாக்ஸும் கடிதமும் நெய்யில் ஊறிப் போனதைப் பார்த்த பிறகு திரவம் எதையும் தொடுவதில்லை. லீவு முடிந்து திரும்புகிறவர் கையில் அதைக் கொடுத்துவிடலாம்.

6. பொட்டலம் கட்டுவது

ஒவ்வொரு பண்டத்தையும் கால் கிலோ அளவில் தனித்தனிக் கவராகப் போடுங்கள். ஒன்று கிழிந்தால் ஒன்றோடு போகும். தின்பதற்குப் பிரிக்கும்போதும் மீதி காற்றுப் படாமல் இருக்கும்.

கவரில் காற்றை வையாதீர்கள். இது மிக முக்கியம். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். லேயில் அது நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளே அடைபட்ட காற்று அங்கே விரிந்து கவரைப் பலூன் மாதிரி உப்ப வைக்கும். கடையில் விற்கும் சிப்ஸ் பாக்கெட் இப்படித்தான் வழியில் வெடிக்கிறது. ஜிப்பை ஓரத்தில் ஒரு விரல் அளவு விட்டு மூடி, கவரை மேசை மேல் வைத்து உள்ளங்கையால் கீழிருந்து மேலே தடவுங்கள். காற்று அந்த ஓட்டை வழியாகப் போகும். போனதும் மூடுங்கள். பிறகு இன்னொரு கவருக்குள் போட்டு அதையும் இப்படியே மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் இரண்டு கவருக்கும் நடுவில் வையுங்கள், பலகாரத்தோடு சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு கவர் மேலும் என்ன பண்டம், எந்தத் தேதியில் செய்தது என்று எழுதுங்கள். பனிப்போஸ்ட்டிலிருந்து இறங்கி வந்து பெட்டியைத் திறப்பவருக்கு எதை முதலில் தின்பது என்று அது சொல்லும்.

சோப்பை எப்போதும் தனி டப்பாவில் வையுங்கள். சோப்பு வாசம் இரண்டு கவரையும் ஊடுருவிக் கடலை உருண்டையில் ஏறிவிடும். அப்படி ஒரு பெட்டி முழுக்க வீணாகியிருக்கிறது.

7. பெட்டியும் துணியும்

மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய பெட்டி வேண்டாம். ஒருமுறை ஈரம் பட்டுக் காய்ந்த அட்டைக்கு வலு இருக்காது. 3 ப்ளை பெட்டி இவ்வளவு தூரம் தாங்காது, 5 ப்ளை வாங்குங்கள். எங்கள் கம்பெனியில் கப்பலேறும் சரக்குக்குப் பெட்டியின் மூலையைத்தான் முதலில் பார்ப்போம். மூலை நசுங்காமல் இருந்தால் உள்ளே இருப்பதும் நசுங்காது.

கனமானது அடியில், உருண்டைகள் நடுவில், கடிதம் மேலே. காலி இடத்தில் செய்தித்தாளைக் கசக்கி வைப்பதைவிடக் கைக்குட்டை, சாக்ஸ், பனியன் துணி வையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு அதுவும் உதவும். மூடி, காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசையும் சத்தம் வரக் கூடாது. வந்தால் திறந்து இன்னும் அடையுங்கள். வழியில் அந்தப் பெட்டியை எத்தனையோ பேர் தூக்கி வைப்பார்கள். உள்ளே அசைகிற பொருள்தான் உடையும்.

எடை ஐந்து கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. கடைசித் தூரத்தில் யாரோ ஒரு வீரர் அதைத் தோளில் சுமந்து போகலாம். நிறைய இருந்தால் இரண்டு பெட்டியாக ஒரு வார இடைவெளியில் அனுப்புங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு தாளில் முழு முகவரி, உங்கள் முகவரி, உள்ளே இருப்பவற்றின் பட்டியல் மூன்றையும் எழுதி மேலாக வையுங்கள். வெளி முகவரி கிழிந்தாலும் அழிந்தாலும் பெட்டிக்குள் இருப்பது காப்பாற்றும்.

துணி சுற்றித் தைப்பது இப்போது கட்டாயமில்லை. நான் இன்னும் தைக்கிறேன். மழை பட்டு டேப் உரிந்தாலும் காடாத்துணி பெட்டியைப் பிரிய விடாது. முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில், துணி மேல் மார்க்கரால், இரண்டு பக்கம் எழுதுங்கள். மைப் பேனாவால் எழுதினால் ஒரு தூறலில் கரைந்துவிடும். பின்கோட்டை மற்ற எழுத்தைவிடப் பெரிதாக எழுதுங்கள். அனுப்புநர் முகவரியும் போன் எண்ணும் இடது மூலையில் இருக்கட்டும்.

8. தபால் நிலையத்தில்

தனியார் கூரியரில் போகாது. ஏ.பி.ஓ. முகவரிக்கு இந்திய அஞ்சல்துறைதான் வழி. கூரியர் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கொடுத்த கதை எங்கள் ஊரிலேயே இரண்டு உண்டு.

கிளை அஞ்சலகத்தைவிடத் தலைமைத் தபால் நிலையம் நல்லது. ராணுவப் பார்சல் அங்கே பழக்கம். கவுண்டரில் "எந்த ஊருக்கு?" என்று கேட்டால் "ஏ.பி.ஓ." என்று சொல்லிப் பின்கோட்டைக் காட்டுங்கள். ஊர் சொல்லச் சொல்லி வற்புறுத்தினாலும் சொல்ல வேண்டாம். 9-இல் தொடங்கும் பின்கோட்டைக் கணினியில் அடித்தாலே போதும்.

ஊரில் தைத்து முடித்துக் கொண்டு போகாதீர்கள். உள்ளே என்ன என்று பிரித்துக் காட்டச் சொல்லலாம். ஒரு பக்கத்தைத் தைக்காமல் விட்டு, ஊசியும் டேப்பும் பையில் எடுத்துப் போங்கள். காட்டிவிட்டு அங்கேயே மூடலாம்.

ரிஜிஸ்டர் போஸ்ட் என்று கேட்டே பழகியவர்களுக்கு ஒரு தகவல்: 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. "கண்காணிப்பு எண் வர வேண்டும்" என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் இரண்டு எழுத்து என்று மொத்தம் பதின்மூன்று இடம் கொண்ட எண் ரசீதில் இருக்கும். கவுண்டரை விட்டு நகரும் முன் ரசீதில் அடித்த பின்கோடும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று ஒவ்வோர் எண்ணாகப் பாருங்கள். பிழை இருந்தால் அந்த நிமிடம் திருத்தலாம், மறுநாள் முடியாது.

9. வெளிநாட்டில் ஐ.நா. பணியில் இருந்தால்

லெபனான், தெற்கு சூடான், காங்கோ என்று ஐ.நா. அமைதிப் படைக்குப் போகும் இந்தியப் படைப்பிரிவுகளில் நம் பையன்களும் இருக்கிறார்கள். அங்கே இருப்பவருக்கு எந்த முகவரி என்பதை அவர் கிளம்பும் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். போன பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

இதில் மூன்று விஷயம் மாறும். ஒன்று, நாள். நான் சொன்ன முப்பத்தைந்தை இரண்டு மடங்காக்குங்கள். இரண்டு, தட்பவெப்பம். தெற்கு சூடானில் குளிருக்குப் பயமில்லை, வெக்கைக்கும் மழை ஈரத்துக்கும்தான் பயம். பொடியும் கடலை உருண்டையும் தாங்கும், பொரித்த பண்டம் தாங்காது. மூன்று, சுங்கம். சர்வதேசத் தபாலில் போவதானால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் எடை, மதிப்போடு சுங்கப் படிவத்தில் எழுத வேண்டும். "வீட்டுச் சாமான்" என்று பொதுவாக எழுதினால் நிறுத்தி வைப்பார்கள். விதை, கருவாடு, தேன் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவே வேண்டாம்.

வழி எதுவானாலும் லீவில் வந்து திரும்பும் ஆள் கிடைத்தால் அவர் கையில் கொடுப்பதே நல்லது. பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், வீட்டுக்குப் போய் மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். அவருக்கும் அம்மா கட்டிக் கொடுத்த பை இருக்கும். உள்ளே இருப்பதை அவர் கண்முன் பிரித்துக் காட்டிக் கொடுங்கள். சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

10. அனுப்பிய பிறகு

கண்காணிப்பு எண்ணை அவருக்கு அனுப்புங்கள். யூனிட்டுக்குத் தபால் எடுத்து வருபவரிடம் அவர் சொல்லி வைப்பார். இணையத்தில் நீங்கள் பார்க்கும்போது டெல்லியோ கொல்கத்தாவோ வரை காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடலாம். பெட்டி ராணுவ அஞ்சலின் கைக்குப் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். தொலைந்துவிட்டது என்று பதறிப் பையனுக்குத் தினமும் போன் செய்து நெருக்காதீர்கள்.

நாற்பது நாள் தாண்டியும் வரவில்லை என்றால் ரசீதோடு அனுப்பிய தபால் நிலையத்துக்கே போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். ரசீது இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள், அந்த மை மூன்று மாதத்தில் மங்கிவிடும்.

பெட்டி கிடைத்தது என்று அவர் சொன்னதும் மூன்று கேள்வி கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில் வந்தது, எது உடைந்தது அல்லது கெட்டது, எது முதலில் தீர்ந்தது. என் நோட்டில் போன ஆடிப் பதினெட்டுப் பெட்டிக்கு எதிரே இப்படி இருக்கிறது: "19 நாள். உடைந்தது ஒன்றுமில்லை. எள்ளுருண்டை கொஞ்சம் இளகல், பாகு பத்தவில்லை. கொள்ளுப்பொடி அன்றைக்கே காலி, அடுத்த முறை ரெண்டு பங்கு. பஞ்சாபிப் பையன் ஒருத்தன் காரம் கம்மியா ஒரு பொட்டலம் கேட்டான்."

அடுத்த பெட்டியில் காரம் கம்மியான பொட்டலம் தனியாகப் போனது. மேலே அவன் பெயரை எழுதி வைத்தேன்.